எவர்சில்வர் எலியும் எங்கள் ஆச்சியும்

எங்கள் ஆச்சிக்கு ஏழெட்டு வருஷம் வயிற்றில் கட்டி இருந்தது. எடை பத்து, பன்னிரண்டு கிலோ. செங்கோட்டையில் ரயில் ஏறும்போது இருக்கும். கேரளத்துப் புனலூரில் ஒரு வீட்டின் பின்கட்டுக்குள் போய்விட்டு வந்தால் இருக்காது. அடுத்த வாரம் மறுபடி வளர்ந்துவிடும்.

கட்டிக்கு முன்னால் அது பிள்ளையாக இருந்தது. நாற்பது வயது வரைக்கும் ஆச்சி மாசமாகவே இருந்தாள் என்று அம்மா சொல்வாள். பேரன் நான் பிறந்து நடக்க ஆரம்பித்த பிறகும் மாசமாக இருந்தால் பார்க்கிறவன் நம்ப மாட்டான் என்று அவளுக்கே தோன்றியிருக்கிறது. அதனால் பிள்ளையைக் கட்டியாக மாற்றிக்கொண்டாள். “புனலூர் ஆஸ்பத்திரிக்குப் போறேன் சாரே” என்று சொன்னால் போதும். கட்டியைத் தொட்டுப் பார்க்கிற துணிச்சல் எந்தப் போலீஸ்காரனுக்கும் வராது.

மாநிலம் விட்டு மாநிலம் அரிசி கொண்டுபோகக் கூடாது என்று தடை இருந்த காலம். அறுபதுகளின் நடுவிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் கேரளத்தில் அரிசிக்குப் பட்ட பாட்டை அந்தப் பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்டால் இன்றைக்கும் சொல்வார்கள். இங்கே ஒரு விலை, மலைக்கு அந்தப் பக்கம் வேறு விலை. நடுவில் ஒரு சுரங்கப்பாதை. இது போதாதா?

சரி, இந்தக் கதையை இப்போது எதற்கு எடுத்தேன் என்றால், போன வாரம் பரண் சுத்தம் செய்யும்போது ஒரு பழைய புத்தகம் கிடைத்தது. அட்டை இல்லை, முதல் நாலு பக்கத்தில் கரையான். 1986இல், எனக்கு இருபது வயதில், திருவனந்தபுரம் பாளையத்து நடைபாதையில் வாங்கியது. ஹாரி ஹாரிசன் எழுதிய ‘தி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ராட்’. நான் அதை வீட்டில் ‘எவர்சில்வர் எலி’ என்றுதான் சொன்னேன். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு எங்கள் ஊரில் வேறு என்ன பெயர்?

கதை எதிர்காலத்தில் நடக்கிறது. மனிதர்கள் எத்தனையோ கிரகங்களில் குடியேறி, எல்லாம் ஒழுங்காகி, குற்றம் என்பதே ஏறக்குறைய ஒழிந்துபோன காலம். அதில் மிச்சமிருக்கிற ஒரு திருடன், ஜேம்ஸ் பொலிவர் டிகிரிஸ். ‘ஸ்லிப்பரி ஜிம்’ என்பது செல்லப்பெயர். நான் விலாங்கு ஜிம் என்று வைத்துக்கொண்டேன். பழைய மரவீட்டுக் காலத்தில் எலி வளை போடச் சந்து பொந்து நிறைய இருந்தது. எல்லாம் கான்கிரீட்டும் எவர்சில்வருமாக ஆன பிறகு அதில் பிழைக்கிற எலியும் எவர்சில்வராகத்தான் இருந்தாக வேண்டும் என்பது அவன் கட்சி.

முதல் காட்சியிலேயே நான் விழுந்துவிட்டேன். ஜிம்மைக் கைது செய்ய ஒரு போலீஸ் உள்ளே வருகிறது. ஜிம் ஒரு பொத்தானை அழுத்த, மேலிருந்து ஒரு இரும்புப் பெட்டகம் அதன் தலையில் விழுகிறது. சுண்ணாம்புத் தூசி அடங்கினால், நசுங்கிக் கிடக்கிற போலீஸ் குற்றப்பட்டியலைத் தொடர்ந்து வாசித்துக்கொண்டிருக்கிறது. ஏனென்றால் அது ரோபோ. அதற்கு மூளையும் குரலும் வயிற்றுப் பகுதியில். போதாததற்கு, போலீஸ் ரோபோவைத் தாக்கியதாக ஒரு குற்றத்தையும் சேர்த்துக்கொள்கிறது.

தலையை நசுக்கினாலும் வயிற்றில் எல்லாம் பத்திரமாக இருக்கிற அந்த ரோபோவைப் படித்துவிட்டுத் திண்ணையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். ஆச்சி உள்ளே இருந்து, “என்னலே, பேய் புடிச்ச மாதிரி இளிக்கே?” என்றாள். சொன்னேன். மூளையை வயிற்றில் வைக்கிற யோசனையை அவள் உடனே ஒப்புக்கொண்டாள்.

அந்த ஜிம்மின் முதல் சிறுகதை ‘அஸ்டவுண்டிங்’ என்ற அமெரிக்கப் பத்திரிகையில் வந்தது 1957 ஆகஸ்டில். நாவலாக வந்தது 1961இல். செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1. விரல் விட்டு எண்ணிப் பாருங்கள், ஆகஸ்ட் பத்தாம் மாதம். எங்கள் ஊருக்கு மேற்கே எல்லைக்கோடு உண்டாகி, பத்து மாதம் சுமந்து அமெரிக்காவில் ஒரு கடத்தல்காரன் பிறந்திருக்கிறான். இதில் அர்த்தம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் ஆச்சியிடம் சொன்னபோது, “பொறவு? கோடு போட்டா தாண்ட ஒருத்தன் பொறக்கத்தானே செய்வான்” என்றாள்.

அவள் அப்படிச் சொல்ல உரிமை உள்ளவள். 56க்கு முன்னால் கோடு அவள் வீட்டுக்குக் கிழக்கே, தென்காசி போகிற வழியில் இருந்தது. திருவிதாங்கூரின் சங்கு முத்திரையோடு இன்றும் நிற்கிறதே ஒரு வளைவு, அதுதான் அந்த நாளைய வாசல். பிறகு கோடு மேற்கே நகர்ந்து ஆரியங்காவுப் பக்கம் போய்விட்டது. ஆச்சி வீட்டை விட்டு ஒரு அடி நகரவில்லை. அவள் மட்டும் நாடு மாறினாள். முன்னே கிழக்கிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள், பின்னே வீட்டிலிருந்து மேற்கே கொண்டுபோனாள். அவ்வளவுதான் அவளுக்கு மாநிலப் பிரிவினை.

ஏழு, எட்டு வயதில் நானும் அந்தத் தொழிலில் இருந்தேன். என் வேலை அழுவது. பகவதிபுரம் தாண்டி வண்டி மலையேறும். மீட்டர் கேஜ், ஓடிப்போய் ஏறிக்கொள்ளலாம் போல நடக்கும். குகைக்குள் நுழைந்ததும் பெட்டி முழுக்கக் கும்மிருட்டு. அந்த இருட்டில் பெட்டிக்குள் நடக்கிற வேலையைப் பார்க்க முடியாது, கேட்கத்தான் முடியும். துணி சரசரக்கும், முடிச்சு இறுகும், யாரோ ஒருத்தி “எக்கா, இங்கிட்டுத் தள்ளு” என்பாள். இரண்டு பை இடம் மாறும். வெளிச்சம் வரும்போது எல்லோரும் சாமி கும்பிடப் போகிற முகத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். ஆரியங்காவில் சோதனை ஆட்கள் ஏறுவார்கள். ஆச்சி என் தொடையில் லேசாக நிமிண்டுவாள். அலறுவேன். அழுகிற பிள்ளையும் வயிற்றில் கட்டியுமாக இருக்கிற ஒரு பொம்பிளையிடம் எவன் நின்று பேசுவான்?

ஒரே ஒரு போலீஸ்காரர் மட்டும் நின்று பேசுவார். மலையாளி, சின்ன வயசு, மீசை அப்போதுதான் கறுக்க ஆரம்பித்திருந்தது.

“எந்தா அம்மச்சி, கட்டி குறஞ்ஞோ?”

“எங்க சாரே, வலுதாயிட்டு வருது.”

அவர் உச்சுக்கொட்டிவிட்டுப் போவார். ஒருதரம் கொல்லத்தில் நல்ல வைத்தியர் ஒருவர் இருப்பதாக ஒரு சீட்டில் எழுதிக்கூடக் கொடுத்தார். ஆச்சி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு முந்தானையில் முடிந்தாள். அந்த மனுஷனுக்காக அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது. “பாவம், வெள்ளை மனசுப் பய” என்பாள்.

இந்த மொழியையும் சொல்ல வேண்டும். ஜிம்மின் உலகத்தில் கிரகம் கிரகமாகப் பேசுவது எஸ்பெராண்டோ, எல்லா நாட்டாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று ஒருவர் உருவாக்கிய மொழி. ஹாரிசன் நிஜமாகவே அந்த மொழியைக் கற்றவர். அயர்லாந்தின் எஸ்பெராண்டோ சங்கத்துக்குக் கௌரவத் தலைவராக இருந்தவர். அநேகமாக யாருக்கும் தாய்மொழியாக இல்லாத மொழியை எல்லோரும் எப்படிப் பேசுவார்கள் என்று புத்தகம் படித்த வேறு ஒருவன் கேட்டான். எனக்குக் கேள்வியே புரியவில்லை. ஆரியங்காவு பிளாட்பாரத்தில் ஆச்சி பேசியது தமிழா, மலையாளமா? இரண்டு பக்கத்து வாத்தியாரும் அதற்கு மார்க் போட மாட்டார்கள். ஆனால் சரக்கு போய்ச் சேர்ந்துவிடும்.

ஜிம்முக்கு ஒரு சட்டதிட்டம் உண்டு. கொலை செய்ய மாட்டான். அவன் அடிக்கிற வங்கிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது. ஜனங்களுக்குப் பேப்பரில் படிக்க நல்ல செய்தி கிடைக்கிறது. போலீசுக்குச் சோம்பல் முறிய வேலை கிடைக்கிறது. ஆக யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பான். கேட்கும்போது சரியாகத்தான் படும். புத்தகத்தை மூடிய பிறகுதான் அதில் ஓட்டை தெரியும். அதுதான் எழுதியவரின் சாமர்த்தியம்.

இன்னொன்று, அவன் ஏழைக்கு ஒரு சல்லிக்காசு கொடுக்க மாட்டான். இது எனக்கு ரொம்ப நாள் உறுத்தலாக இருந்தது. நம் பக்கத்துத் திருடர்கள் எல்லாம் கொடுத்தவர்கள். கொட்டாரத்தில் சங்குண்ணி மலையாளத்தில் தொகுத்த ‘ஐதீகமாலை’யில் வருகிற காயங்குளம் கொச்சுண்ணி பணக்காரனிடம் பறித்து இல்லாதவனுக்குக் கொடுப்பவன். பெருமாள் கோயில் உபந்நியாசத்தில் கேட்ட திருமங்கை மன்னன் திருடியதோ அடியார்களுக்குச் சோறு போட. குமுதவல்லியைக் கட்டிக்கொள்ள, தினம் ஆயிரத்தெட்டுப் பேருக்கு ஒரு வருஷம் அமுது படைக்க வேண்டும் என்று நிபந்தனை. கஜானா காலி. வழிப்பறியில் இறங்கிவிட்டார்.

அந்தத் திருமங்கையின் கூட்டாளிகள் நாலு பேர் பெயரைச் சொல்கிறேன், இது அறிவியல் புனைகதையா இல்லையா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். நீர்மேல் நடப்பான். நிழலில் ஒதுங்குவான். ஊதினாலே பூட்டுத் திறக்கும், அவன் தாளூதுவான். எந்த வழக்கிலும் தோற்காதவன் தோலாவழக்கன். வக்கீலோடு திருடப் போன கூட்டம் உலகத்தில் வேறு எங்கேயாவது உண்டா? நாகப்பட்டினத்துப் பொன் புத்தரை எடுக்கப் போனபோது, காவலுக்குச் சுழன்றுகொண்டிருந்த யந்திரச் சக்கரத்தை வாழைத்தண்டைச் செருகி நிறுத்தினார்களாம். விலாங்கு ஜிம் லேசரும் புகைக்குண்டும் வைத்துச் செய்கிற வேலையை நம் ஆட்கள் வாழைத்தண்டில் முடித்திருக்கிறார்கள். எடுத்த சிலையைத் திருக்கண்ணங்குடி வயல் சேற்றில் புதைத்து, பக்கத்துப் புளியமரத்திடம் “தூங்காமல் பார்த்துக்கொள்” என்று சொல்லிவிட்டுப் படுத்தார். அது உறங்காப்புளி ஆனது. காலையில் நிலத்துக்காரன் வந்து உழப் பார்க்க, நிலம் என்னுடையது என்று சாதித்தார். அது தோலா வழக்கு. கடைசியில் பெருமாளையே வழிமறித்து, காலில் கழற்ற வராத மோதிரத்தைப் பல்லால் கடித்து எடுக்கப் பார்த்து, ‘கலியன்’ என்று பட்டமும் வாங்கிக்கொண்டார். திருநகரிப் பக்கம் இன்றைக்கும் பங்குனியில் நடுராத்திரி வேடுபறி உற்சவம் நடக்கிறது. திருடியதை விழாவாகக் கொண்டாடுகிறோம், ஆனால் அதற்கு ஒரு புண்ணியக் காரணம் தேவைப்படுகிறது நமக்கு.

எனக்கும் தேவைப்பட்டது. இருபத்தொரு வயதில் நானே ஒரு கதை எழுதினேன். செவ்வாய்க்கும் அதன் நிலாக்களுக்கும் நடுவே அரிசி கடத்துகிற ஒருவன். சோதனைச் சாவடி, எக்ஸ்ரே, ரோபோ போலீஸ் எல்லாம் உண்டு. கடைசியில் அவன் பிடிபட்டு, பசித்த குழந்தைகளுக்காகத்தான் கடத்தினேன் என்று நீதிபதி முன்னால் கதறி அழுது திருந்துவான். பத்திரிகைக்கு அனுப்பும் முன் ஆச்சிக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்கு எழுத்து தெரியாது, காது கூர்மை. எக்ஸ்ரே வரைக்கும் வெற்றிலையை மெல்லாமல் கேட்டாள். அழுகிற இடம் வந்ததும் எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்தாள்.

“அவன் எதுக்குலே அழுதான்?”

“செஞ்சது தப்புன்னு.”

“தப்புன்னா முதல்லயே தெரியாதாக்கும்? தெரிஞ்சுதானே போனான்.” கொஞ்சம் பொறுத்து, “நானும் பிள்ளைகளுக்குச் சோத்துக்குத்தான் போனேன். முதல் ரெண்டு வருஷம். பொறவு உங்க மாமனுக்கு வேலை கிடைச்சிட்டு. அப்பவும் போனேன்லா? ஏன் போனேன்?” என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை.

“நல்லா இருந்துதுலே” என்றாள். “குகைக்குள்ள போகும்போது நெஞ்சு அடிச்சுக்கிடும் பாரு. அது நல்லா இருக்கும்.”

கதையைப் பத்திரிகை திருப்பி அனுப்பிவிட்டது. ஆச்சியின் காரணத்துக்காகவா, தபால்தலை குறைவாக ஒட்டியதாலா என்று தெரியவில்லை. ஆனால் அன்றைக்கு ஜிம்மை மறுபடி எடுத்துப் படித்தபோது உறுத்தல் போய்விட்டது. அவன் யாருக்கும் நல்லது செய்வதாக நடிக்கவில்லை. வேலை சுத்தமாக முடிகிற அந்த நிமிஷத்துக்காகப் போகிறான். அதனால்தான் அவனோடு சிரிக்க முடிகிறது.

ஜிம்மும் பிடிபடுகிறான். பிடிக்கிறது ‘ஸ்பெஷல் கார்ப்ஸ்’ என்ற ரகசியப் படை. தலைவர் இன்ஸ்கிப்பும் ஒரு காலத்தில் பெரிய திருடர். திருடனைப் பிடிக்கத் திருடன். ஜெயிலுக்குப் பதில் சம்பளம் போட்டு வேலை கொடுத்துவிடுகிறார்கள். அந்த வேலையில் அவன் கண்டுபிடிக்கிற முதல் பெரிய விஷயம் துப்பாக்கிச் சண்டையில் கிடைப்பதில்லை, காகிதத்தில் கிடைக்கிறது. சரக்குக் கப்பல் என்ற பெயரில் எங்கோ ஒரு போர்க்கப்பல் கட்டுகிறார்கள். வரைபடத்தைப் பார்த்தே பிடித்துவிடுகிறான். நான் முப்பது வருஷம் லாரி ஆபீசில் பில் எழுதியவன். ‘மரக்கட்டில்’ என்று போட்ட பில்லில் எத்தனை விதமான கட்டில் போகும் என்று எனக்குத் தெரியும். ஹாரிசன் எந்த லாரி ஆபீசில் இருந்தார் என்று யோசித்தேன். அவர் இருந்ததோ காமிக்ஸ் படம் போடுகிற வேலையில்.

அந்தக் கப்பலுக்குப் பின்னால் இருப்பவள் ஆஞ்சலினா. ஜிம்மைவிடக் கெட்டிக்காரி, அவனுக்கு இருக்கிற ‘கொல்ல மாட்டேன்’ அவளுக்குக் கிடையாது. அவளைத்தான் அவன் பின்னால் கட்டிக்கொள்கிறான். இரட்டைப் பிள்ளைகள். ஜேம்ஸ், பொலிவர் என்று அப்பன் பெயரையே ஆளுக்குப் பாதியாகப் பிய்த்துக் கொடுத்துவிட்டார்கள். பின்னால் வந்த புத்தகங்கள் 2010 வரை நீள்கின்றன. எல்லாம் ஒரே தரம் இல்லை. பிந்தியவற்றில் சில, நாலாம் நாள் பழைய குழம்பு. சூடு பண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார். ஆனால் 1985இல் வந்த, ஜிம்மின் பையன் பருவத்துக் கதை அருமை. நல்ல திருடனாக வேண்டும், பெரிய திருடர்களிடம் பாடம் கேட்க வேண்டும் என்று வேண்டுமென்றே வங்கியில் திருடிப் பிடிபட்டு ஜெயிலுக்குப் போகிறான். உள்ளே பார்த்தால் அத்தனை பேரும் மண்டு. கெட்டிக்காரன் எவனாவது பிடிபடுவானா?

இப்போதும் அவ்வப்போது ரேஷன் அரிசி பிடிபட்டதாகப் பேப்பரில் வருகிறது. டன் கணக்கு, லாரி கணக்கு. ஏழை அடுப்புக்கு வந்ததை அள்ளிக்கொண்டு போகிற வேலை அது. அதை நான் இந்தக் கதையோடு சேர்க்கவில்லை. ஆச்சி இருந்தால் அவளும் சேர்க்க விடமாட்டாள். “சுமக்காம கடத்துறவன் என்ன கடத்தல்காரன்?” என்பாள்.

அந்தக் காலத்துத் தடையெல்லாம் எடுத்த பிறகு அவளுக்கு வேலை போய்விட்டது. புனலூரில் இருக்கிற என் சித்தியைப் பார்க்கப் போகும்போது முறுக்கையும் முருங்கைக்காயையும் துணியில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு போனாள். பையில் போட்டால் என்ன என்று அம்மா சண்டை பிடிப்பாள். முறுக்கெல்லாம் நொறுங்கித்தான் போய்ச் சேரும்.

88 சாரலில் குற்றாலம் போயிருந்தோம். ஐந்தருவிப் பக்கம் பலாச்சுளை விற்கிற இடத்தில், மீசை நரைக்கத் தொடங்கிய ஒருவர் குடும்பத்தோடு நின்றிருந்தார். ஆச்சியையே பார்த்துக்கொண்டிருந்தவர் கிட்டே வந்தார்.

“அம்மச்சி, கட்டி போயோ?”

ஆச்சிக்கு முகம் மலர்ந்துவிட்டது. “கரைஞ்சு போச்சு சாரே. நீங்க சொன்ன வைத்தியருதான்” என்று நாக்கூசாமல் ஒரு போடு போட்டாள்.

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். மனைவியிடம் ஏதோ சொல்லிவிட்டு மறுபடி ஆச்சியிடம் குனிந்து, காதோடு கேட்பது போலக் கேட்டார்.

“அல்ல, அது பச்சரியோ புழுக்கலரியோ?”

ஆச்சி சிரிக்கவில்லை. “புழுங்கல்” என்றாள், தமிழில். அவ்வளவுதான் பேசினாள். அவர் பிள்ளைகளுக்கு வாங்கிய பலாச்சுளையில் இரண்டை அவள் கையில் வைத்துவிட்டுப் போனார்.

அருவிக்குப் போகாமலே பஸ் ஏறிவிட்டோம். இலஞ்சி தாண்டுகிற வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பலாச்சுளையை வாயில் வைக்கவில்லை, என் கையில் திணித்துவிட்டாள். வளைவு கண்ணுக்குத் தெரிந்தபோது என் பக்கம் திரும்பினாள்.

“அவன் தெரிஞ்சேல்லா விட்டிருக்கான்” என்றாள். “அப்போ இத்தனை வருஷம் நான் என்னத்தலே கடத்துனேன்?”